பழைய இரும்புக்குப் புதுக் காம்பு: வாசகர் கேள்வி – பதில்

கோடாலி, மண்வெட்டி, அரிவாள், சுத்தியல் இவற்றின் காம்பு பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணை, பிடி, காம்பு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. இங்கே நீளமானதைக் காம்பு என்றும், ஒரு கைக்குள் அடங்குவதைப் பிடி என்றும் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: அப்பா காலத்துக் கோடாலி. கொல்லுப்பட்டறையில் அடித்தது. இரும்பு இன்னும் அருமையாக இருக்கிறது. ஆனால் இரும்புக்கடையில் வாங்கிப் போட்ட காம்பு ஒரே வருடத்தில் மூன்று முறை ஒடிந்துவிட்டது. உறுதியான காம்பு எங்கே கிடைக்கும்?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: ஒடிந்த துண்டை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும். ஒடிந்த இடம் பேனா நிப்பு போலச் சாய்வாக நீண்டிருந்தால், மரத்தின் நார் காம்பின் நீளத்துக்கு ஓடாமல் குறுக்கே வெளியேறியிருக்கிறது. முள்ளங்கியை ஒடித்தது போல மொட்டையாக ஒடிந்திருந்தால், மரம் நொறுங்கும் சாதி, அல்லது உள்ளே உளுத்தது. இரும்புக்கு இரண்டு விரற்கடை கீழே நசுங்கி, நார் நாராகப் பிரிந்து ஒடிந்திருந்தால் காம்பின் மேல் குற்றமில்லை. வெட்டு தப்பி, காம்பே கட்டையில் மோதிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு அந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் நீளத்துக்கு இறுக்கிச் சுற்றினால் போதும்.

கடைக் காம்புகளில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை. பலகையாக அறுத்த மரத்தைச் சட்டமாக்கி, கடைசல் இயந்திரத்தில் உருட்டி எடுக்கிறார்கள். ரம்பத்துக்கு நார் எப்படிப் போகிறது என்பது தெரியாது. அது நேர்கோட்டில் அறுத்துக்கொண்டு போகும், நார் தன் போக்கில் வளைந்து பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். அங்கேதான் ஒடிகிறது. அதனால் கடையில் வாங்குவதானால் வார்னிஷோ பெயின்ட்டோ அடிக்காத காம்பைக் கேளுங்கள். நிறம் பூசிய காம்பில் கணுவும் தெரியாது, நாரும் தெரியாது. பத்துக் காம்பை எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பாருங்கள். பிறகு பக்கவாட்டில் நார்க்கோடு ஒன்றை விரலால் பின்தொடருங்கள். அது ஒரு அடி தூரத்துக்குள் அரை அங்குலத்துக்கு மேல் விலகினால் அந்தக் காம்பை வைத்துவிடுங்கள்.

நார் கண்ணுக்குத் தெரியாத மரமாக இருந்தால் பேனா மை உதவும். காம்பின் பக்கத்தில் ஒரு சொட்டு மை வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். மை வட்டமாகப் பரவாது, நார் போகும் திசையில் மெல்லிய கோடுகளாக ஓடும். அந்தக் கோடு காம்பின் நீளத்துக்கு இணையாக இருந்தால் வாங்கலாம். காம்பைக் கால் திருப்பு திருப்பி அடுத்த பக்கத்திலும் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் சாய்வாகவும் ஓடுவது உண்டு.

கடைக்கு வெளியே தேடினால் இதைவிட நல்ல மரம் கிடைக்கும். விறகுக்கடையில் வைரம் (முற்றி இறுகிய உள்மரம்) பாய்ந்த கருவேலங்கட்டை எடைக்கு விற்பார்கள். கணு இல்லாத, தொடை கனமுள்ள மூன்றடிக் கட்டையாகப் பொறுக்கி எடுத்து, கோடாலியாலேயே பிளந்துகொள்ளுங்கள். பிளந்த கட்டை நாரோடு சேர்ந்துதான் பிளக்கும் என்பதால் நார் வெளியேறும் பிரச்சினையே இல்லை. உடைந்த மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், பூண் கழன்று கிடக்கும் பழைய உலக்கை, ஏர்க்கால் இவையெல்லாம் பல வருடம் காய்ந்த மரங்கள், பெரும்பாலும் தேர்ந்தெடுத்துச் செய்தவை. ஆரக்கால் கோடாலிக் காம்புக்கு நீளம் போதாது. சுத்தியலுக்கும் களைக்கொத்துக்கும் சரியாக இருக்கும். உலக்கை ஒன்றில் இரண்டு காம்பு எடுக்கலாம்.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேலம் பொதுச்சொத்து. அதில் கை வைக்காதீர்கள். ஏலம் எடுத்து வெட்டுகிறவரிடம் கேட்டால் நேரான கட்டை ஒன்றைக் கொடுத்துவிடுவார்.

கேள்வி: தோட்டத்தில் வேம்பு, பூவரசு, தேக்கு, கொய்யா, புளி எல்லாம் நிற்கின்றன. வேலி ஓரம் சீமைக் கருவேலமும் இருக்கிறது. எதை எதற்குப் பயன்படுத்தலாம்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: காம்பு மரத்துக்குத் தேவை வெறும் கடினம் அல்ல. அடி விழும்போது அதிர்ச்சியை வாங்கி, சிறிது வளைந்து, மறுபடி நிமிர வேண்டும். தேக்கு இதில்தான் தோற்கிறது. கதவுக்கும் சன்னலுக்கும் அதைப் போல மரம் கிடையாது. வளையாது, சுருங்காது, பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் திடீர் அடியைத் தாங்காமல் படக்கென்று ஒடியும். கோடாலிக்கும் சம்மட்டிக்கும் தேக்கு வேண்டாம். காய்ந்த தேக்குத் துண்டுகளை ஆப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருப்பவற்றில் பூவரசைத்தான் முதலில் சொல்வோம். நார் இறுக்கமானது, துவளும், எளிதில் வெடிக்காது. நேராக வளர்ந்த போத்தாக இருந்தால் மண்வெட்டிக்கும் சுத்தியலுக்கும் ஏற்றது. கோடாலிக்கு வேண்டுமானால் முதிர்ந்த மரத்தின் பழுப்பு வைரத்தில் எடுங்கள்.

கொய்யாவைப் பலரும் விறகாக்கிவிடுகிறார்கள், மனசு பொறுக்கவில்லை. கவாத்து செய்யும்போது விழும் மணிக்கட்டுக் கனமுள்ள கிளையில் சுத்தியல் காம்பு, அரிவாள் பிடி எல்லாம் அருமையாக அமையும். நெருக்கமான நார், வழவழப்பு, சிராய் ஏறாது. நீளமாக நேராகக் கிடைக்காது என்பதுதான் குறை.

புளியின் கருத்த வைரம் உளிப்பிடிக்கும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலுக்கும் உரியது. சுற்றியுள்ள வெளிர் மரத்தைச் சுத்தமாகச் சீவிவிடுங்கள், அதில் வண்டு சீக்கிரம் விழும். வேம்பின் நார் ஒன்றோடொன்று பின்னி ஓடும். அதனால் சீராகப் பிளக்காது, இழைத்தாலும் பிசிறடிக்கும். களைக்கொத்து, அரிவாள் போன்ற அதிர்ச்சி குறைந்த வேலைக்குப் போதும்.

சீமைக் கருவேலத்தை யாரும் மதிப்பதில்லை. ஆனால் காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் அது ஒன்று. ஒரு முறை இறுகிய பிடி எளிதில் ஆடாது. கோணல் மாணலாக வளர்வதால் இரண்டரை அடி நேரான துண்டு கிடைப்பது அபூர்வம். ஒரு சாண், ஒரு முழம் நீளமுள்ள பிடிகளுக்கு வேலியை வெட்டும்போதே எடுத்து வையுங்கள். அடிமரத்தின் சிவந்த வைரமாகப் பாருங்கள்.

சவுக்கும் யூகலிப்டசும் நேராக, மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டும் காயும்போது வெடிக்கும். யூகலிப்டஸ் கூடவே முறுக்கிக்கொள்ளும். முழுக் கம்பாகக் காய வைத்தால் பாதிக்கு மேல் வீண்தான். பிளந்து காய வைத்தால் கொஞ்சம் தேறும்.

மலையடிவார ஊர்க்காரர்களுக்கு வெக்காலியும் சடச்சியும் தெரியும். காம்புக்கு நம் நாட்டில் இவற்றை மிஞ்சும் மரம் குறைவு. சடச்சி, தோளில் சுமை தூக்கும் காவடித் தண்டுக்குப் பேர்போனது. வளைந்து நிமிர்வதில் அப்படி ஒரு குணம். காட்டில் வெட்டக் கூடாது. மரக்கடையில் சட்டமாக அறுத்து வந்தால் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் ஒன்று: நார் நேராக, நன்றாகக் காய்ந்த வேம்பு, நார் கோணிய பச்சைக் கருவேலத்தைவிட நீண்ட நாள் உழைக்கும்.

கேள்வி: கருவேலங்கிளையை வெட்டி அன்றைக்கே சீவிக் கோடாலிக்குப் போட்டோம். பத்தே நாளில் இரும்பு ஆட ஆரம்பித்துவிட்டது. ஆப்பு அடித்தும் நிற்கவில்லை.
– வாசகர், மணப்பாறை

பதில்: பச்சை மரத்தில் தண்ணீர் இருக்கிறது. காயும்போது நீளத்தில் மரம் சுருங்குவது கணக்கிலேயே வராது. குறுக்கே சுருங்கும். அதிலும் வளையத்தின் சுற்றுப்போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகச் சீவிய காம்பு காய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடுவது இதனால்தான். துளை வட்டம், காம்பு முட்டை என்றால் எத்தனை ஆப்பு அடித்தாலும் இரண்டு பக்கம் இடைவெளி நிற்கத்தான் செய்யும்.

கிளையின் நட்ட நடுவில் இருக்கும் மென்மையான தண்டையும் காம்புக்குள் விடக் கூடாது. அதைச் சுற்றியுள்ள மரம் சுருங்கும்போது நடுத்தண்டு இடம் கொடுக்காததால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே காம்பின் கனமே உள்ள கிளையை எடுக்காமல், ஐந்தாறு அங்குலக் கனமுள்ள கட்டையை நான்காகப் பிளந்து, நடுப்பகுதியைச் சீவி எறியுங்கள். தேவையான அளவைவிட ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் கூட வைத்து முரட்டுத்தனமாகச் செதுக்கினால் போதும். நீளத்திலும் நாலு அங்குலம் கூட இருக்கட்டும். முனை வெடித்தால் வெட்டி எறிய இடம் வேண்டும்.

அன்றைக்கே இரண்டு முனையிலும் பழைய பெயின்ட் அல்லது பெவிக்காலைக் கெட்டியாகப் பூசுங்கள், உருக்கிய மெழுகுவர்த்தியும் ஆகும். தண்ணீர் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அங்கே மட்டும் முந்திக் காய்ந்தால் வெடிக்கும். நிழலில், காற்றோட்டமான பரணில், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் குறுக்குக் குச்சி வைத்து அடுக்குங்கள். வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்.

எத்தனை மாதம் என்று கேட்டால், இரண்டு அங்குலக் கனமுள்ள கருவேலத்துக்கு ஐந்தாறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கைவிட எடை கணக்கு நம்பகமானது. கட்டையின் மேல் தேதியும் எடையும் எழுதி, பத்து நாளைக்கு ஒரு முறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். முதலில் நூறு நூறு கிராமாகக் குறையும், பிறகு பத்து, பிறகு ஐந்து. அடுத்தடுத்து மூன்று முறை எடை மாறாவிட்டால் அதற்குமேல் காயாது. மழைக்காலத்தில் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள். காற்றின் ஈரத்தை வாங்கி எடை ஏறிக் காட்டும்.

கேள்வி: ஒடிந்த காம்பின் துண்டு கோடாலித் துளைக்குள் சிக்கிவிட்டது. அடுப்பில் போட்டு எரித்து எடுக்கலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். கோடாலியின் வாய் பதம் வைத்த எஃகு. நெருப்பில் சூடேறி நீல நிறம் கண்டுவிட்டால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு தீட்டினாலும் கூர் நிற்காது, மழுங்கி மடங்கும். மறுபடி பட்டறைக்குத்தான் தூக்க வேண்டும்.

துருத்திக்கொண்டிருக்கும் மரத்தை இரும்போடு ஒட்ட ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். 6 அல்லது 8 மி.மீ. டிரில் பிட்டால் நெருக்க நெருக்கமாக ஏழெட்டு ஓட்டை போடுங்கள். பழைய இரும்பு ஆப்பு உள்ளே இருந்தால் பிட் அதில் பட்டு முனை போய்விடும். அதைச் சுற்றிப் போடுங்கள். பிறகு துளையின் குறுகிய வாய்ப்பக்கமிருந்து தடித்த போல்ட்டை வைத்து அடித்தால், அகன்ற வாய் வழியாக விழும். தலைகீழாக அடித்தால் இன்னும் இறுகும்.

கேள்வி: காம்பைத் துளைக்குள் பொருத்தும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஆப்பு அடித்துக் கொடுக்க இப்போது ஆள் இல்லை.
– வாசகர், பெண்ணாகரம்

பதில்: பட்டறையில் அடித்த கோடாலியின் துளை உள்ளே மேடுபள்ளமாக இருக்கும், விளிம்பு கத்தி போல நிற்கும். அந்த விளிம்பு ஒவ்வொரு அடிக்கும் காம்பின் நாரை அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முதல் வேலை, அரைவட்ட அரத்தால் துளையின் இரண்டு வாயின் விளிம்பையும் மழுக்குவது. உள்ளே துருவையும் மேட்டையும் தேய்த்து எடுங்கள்.

ஒன்றரைக் கிலோ கோடாலிக்கு 28 முதல் 32 அங்குல நீளம் போதும். கைபடும் இடத்தில் காம்பு வட்டமாக இருந்தால் வெட்டும்போது கோடாலி கைக்குள் சுழலும். 35 மி.மீ. உயரமும் 25 மி.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவமாக வையுங்கள். அப்போது வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். அடிமுனையைக் கொஞ்சம் தடிப்பாக விட்டால் வியர்வையில் வழுக்காது.

துளைக்குள் போகும் பகுதிதான் பொறுமை கேட்கும் இடம். துளையின் உள்பக்கத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லத் தடவுங்கள். காம்பைச் செருகி, வெளியே எடுங்கள். மரத்தில் கரி ஒட்டிய இடம்தான் இடிக்கிற இடம். அதை மட்டும் மர அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி செருகிப் பாருங்கள். பத்துப் பதினைந்து முறை போட்டு எடுக்க வேண்டியிருக்கும். முதலில் இரண்டு மூன்று புள்ளியாகப் படும் கரி, போகப் போகச் சுற்றிலும் பரவலாகப் படும். அப்படிப் படும்போது காம்பு துளையின் முழு நீளத்துக்கும் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அவசரப்பட்டு ஒரேயடியாகச் சீவினால் துளையின் வாயில் மட்டும் இறுகி, உள்ளே இடைவெளி நிற்கும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு வாரத்தில் ஆடும்.

காம்பு முழுவதும் உட்காரத் தரையில் வைத்து இரும்பை அடிக்காதீர்கள். காம்பைக் கையில் தூக்கி, இரும்பு கீழே தொங்கும்படி பிடித்து, காம்பின் அடிமுனையை மரச்சுத்தியலால் தட்டுங்கள். கனமான இரும்பு இருந்த இடத்தில் நிற்கும், காம்பு அதற்குள் இறங்கும். பார்ப்பதற்கு இரும்பு தானாக மேலே ஏறுவதுபோல இருக்கும். மறுமுனையில் 4 அல்லது 5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆப்பு அடித்ததும் அந்த நீட்டல் விரிந்து உதடு போல நின்று இரும்பைத் தடுக்கும்.

ஆப்புக்கான வெட்டைக் காம்பின் முனையில் ரம்பத்தால் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். ஆழம், துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. துளை 60 மி.மீ. என்றால் வெட்டு 40 மி.மீ. முட்டை வடிவத் துளைக்கு வெட்டு நீளவாக்கில் இருக்கட்டும். வெட்டு முடியும் இடத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டால் பிளவு அதற்குக் கீழே ஓடாது. ஆப்பு, காம்பைவிடச் சற்று மென்மையான, நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். தேக்கு நல்லது. மேல்முனை 7 மி.மீ., கீழ்முனை 1 மி.மீ., அகலம் வெட்டின் முழு அகலம். அடிக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் மந்தமாக இருக்கும் சத்தம், ஆப்பு இறுகியதும் இரும்பைத் தட்டியதுபோலக் கணீரென்று மாறும். அங்கே நிறுத்திவிடுங்கள். சத்தம் மாறாமலே ஆப்பு வெட்டின் அடியைத் தொட்டுவிட்டால் அது இறுகவில்லை, முட்டி நிற்கிறது. வெளியே எடுத்துக் கொஞ்சம் தடிப்பாக இன்னொன்று செய்யுங்கள்.

இரும்பு ஆப்பை மரஆப்புக்குப் பதிலாக அடிக்க வேண்டாம். பல மாதம் கழித்து லேசாக ஆடினால், மரஆப்புக்குக் குறுக்கே சாய்வாக ஒன்று அடிக்கலாம். ஆணி அடிப்பது காம்பைப் பிளக்கும் வேலை.

கேள்வி: கோடாலி ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் எடுத்துப்போவது எங்கள் வழக்கம். இதில் தவறு உண்டா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: அன்றைய பொழுது ஓடும், மறுநாள் முன்னைவிட மோசமாக ஆடும். ஊறிய மரம் உப்பும்போது இரும்பு இடம் கொடுக்காது. அதனால் நார் தனக்குள்ளேயே நசுங்குகிறது. காய்ந்ததும் நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, இன்னும் சிறுத்துவிடும். கூடவே துளைக்குள் துரு பிடிக்கும். தண்ணீருக்குப் பதிலாக முனையை லின்சீட் ஆயிலில் (ஆளிவிதை எண்ணெய்) ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். அது உள்ளே போய் உறைந்து கெட்டியாவதால் மறுபடி சுருங்காது. அதற்கும் மசியாவிட்டால் புது ஆப்புதான்.

கேள்வி: மண்வெட்டிக் காம்பு துளைக்குள் சுற்றுகிறது. டயர்த் துண்டு வைத்தும் நிற்கவில்லை. தகடும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: டயர் மெத்தை போல அமுங்கி நிமிர்வதால், ஒவ்வொரு கொத்துக்கும் காம்பு சிறிது அசைந்து மரம் தேய்கிறது. அதை எடுத்துவிடுங்கள்.

துளையின் இரண்டு வாயையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பல மண்வெட்டிகளில் ஒரு வாய் மற்றதைவிட 2, 3 மி.மீ. அகலமாக இருக்கும். அகன்ற வாய் உங்கள் கைக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் பிக்காசுக்குப் போடுவதுபோலப் போடலாம். காம்பின் ஒரு முனையை மட்டும் தடிப்பாக விட்டு, மெல்லிய முனையை அந்தப் பக்கமிருந்து நுழைத்து முழுக் காம்பையும் இழுத்தெடுங்கள். தடித்த முனை வந்து துளையில் அடைத்துக்கொள்ளும். மண்ணை இழுக்க இழுக்க அது தானாக இறுகும், ஆப்பே வேண்டாம். இரண்டு வாயும் ஒரே அளவு என்றால் கோடாலிக்குச் சொன்ன கரி முறையும் மரஆப்பும்தான் வழி. வட்டத் துளையில் காம்பைச் சுற்றவிடாமல் பிடிப்பது உராய்வு மட்டும்தான். அதனால் சுற்றிலும் முழுவதும் படும்படி உட்கார வேண்டும்.

சாய்வைப் பார்க்க ஒரு நூல் போதும். காம்பின் அடிமுனை நடுவிலிருந்து தகட்டின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் நூல் பிடியுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் தகடு நேர். இல்லையென்றால் ஆப்பு அடிப்பதற்கு முன்பே காம்பைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். தகட்டுக்கும் காம்புக்கும் உள்ள கோணத்தையும் இந்தச் சமயத்தில் மாற்றலாம். மெல்லிய ஆப்பைத் தகடு இருக்கும் பக்கம் வைத்தால் ஒரு மாதிரியும், எதிர்ப்பக்கம் வைத்தால் வேறு மாதிரியும் சாயும். வரப்பு சீவ ஒரு சாய்வும் ஆழமாகக் கொத்த இன்னொரு சாய்வும் கைக்கு ஒத்துவரும். எது என்பதை வயலில் பத்துக் கொத்து போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியாக இறுக்குங்கள். நீளம் இரண்டரை அடி வழக்கம். உயரமானவர்கள் மூன்றடி வைத்துக்கொண்டால் குனிவது குறையும்.

கேள்வி: திருப்பாச்சேத்தியில் வாங்கிய பழைய அரிவாள். இருபது வருடத்துக்குப் பிறகு இப்போது பிடி கழன்று வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், மானாமதுரை

பதில்: அரிவாளின் வால், அதாவது பிடிக்குள் நுழையும் இரும்பு முனை, போகும் ஓட்டை அகன்றுவிட்டிருக்கும். பழைய பிடியில் எம்-சீல் அடைத்து ஓட்டுவது சில மாதத்துக்குத்தான். புதுப் பிடி போடுங்கள். கொய்யா, புளியின் வைரம், சீமைக் கருவேலம் எதுவும் சரி. நீளம் ஐந்து முதல் ஆறு அங்குலம்.

முதலில் பூண். பழைய பித்தளைக் குழாயில் முக்கால் அங்குல அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்து, பிடியின் வாயில் இறுக்கமாக ஏற்றுங்கள். பூண் இல்லாமல் வாலை அடித்தால் பிடி பிளக்கும். வால் அடியில் தடித்தும் நுனியில் சிறுத்தும் இருக்கும். அதனால் 5 மி.மீ. பிட்டால் வாலின் முழு நீளத்துக்கும், 8 மி.மீ. பிட்டால் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கும் ஓட்டை போடுங்கள். வால் மிகத் தடிப்பாக இருந்தால் பிட்டையும் அதற்கேற்பக் கூட்டுங்கள்.

அரிவாளின் வாய்ப்பகுதி முழுவதையும் ஈரச்சாக்கில் சுற்றி, வாலை மட்டும் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஓட்டைக்குள் செலுத்துங்கள். மரம் கரிந்து வாலின் வடிவத்துக்கே இடம் கொடுக்கும். முக்கால் வாசி இறங்கியதும் உருவி, ஓட்டையில் இருக்கும் கரியைத் தட்டிவிட்டு, வாலை ஆற விடுங்கள். பொடித்த அரக்கை ஓட்டையில் பாதிவரை நிரப்புங்கள். வாலை இந்த முறை அரக்கு உருகும் அளவுக்கு மட்டும் சூடுபடுத்தி, நேராக வைத்து, பிடியின் அடியைத் தட்டி இறக்குங்கள். பூணோரம் அரக்கு கசிந்து வந்தால் உள்ளே நிரம்பிவிட்டது. ஆறும்வரை அசைக்கக் கூடாது. அரால்டைட்டும் பிடிக்கும். ஆனால் அரக்கில் ஒரு வசதி: பிடி பழுதானால் சூடுகாட்டிக் கழற்றிவிடலாம். அதே காரணத்தால் அரிவாளை அடுப்போரம் வைக்கக் கூடாது, அரக்கு இளகும்.

கேள்வி: தொரட்டிக்கும் நீளக் களைக்கொத்துக்கும் மூங்கில் போடுகிறோம். ஆறு மாதத்தில் மாவு மாவாகக் கொட்டுகிறது.
– வாசகர், கோபி

பதில்: மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்ன வரும் வண்டின் வேலை. உள்ளே கூடு குறைந்த கல்மூங்கிலாக, மூன்று வயதுக்கு மேற்பட்டதாக வெட்டுங்கள். முளைத்த வருடத்துக் கழி வேண்டாம். வெட்டியதும் மூன்று நான்கு வாரம் குளத்திலோ தொட்டியிலோ மூழ்கப் போட்டால் மாவுச்சத்து கரைந்து போகும். நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் 10 லிட்டர் தண்ணீரில் போராக்ஸ் 300 கிராம், போரிக் ஆசிட் 200 கிராம் கரைத்து, பச்சைக் கழியை ஒரு வாரம் அதில் ஊறவையுங்கள். மாடும் ஆடும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில் உலர்த்தியபின் எண்ணெய் பூசாவிட்டால் மழையில் மருந்து கரைந்துவிடும்.

இரும்பின் குழாய்க்குள் போகும் முனையைக் கணுவை ஒட்டி வெட்டுங்கள், வெடிப்பு கணுவில் நின்றுவிடும். ஆணிக்குப் பதில் டிரில்லால் ஓட்டை போட்டுச் சின்ன போல்ட் மாட்டுங்கள்.

கேள்வி: புதுக் காம்புக்கு வார்னிஷ் அடித்தோம். கை கொப்பளிக்கிறது.
– வாசகர், தென்காசி

பதில்: வார்னிஷ் மரத்தின் மேல் கண்ணாடித்தாள் போல நிற்கிறது. வியர்வை உறிஞ்சப்பட வழியில்லாமல் கை ஒட்டி இழுபடுகிறது. கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாள் போடுங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் ஆயிலைத் துணியால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இரண்டு நாள் இடைவெளியில் மூன்று முறை. பிறகு வருடத்துக்கு ஒரு முறை போதும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் மரத்தில் உறையாது, பிசுபிசுப்பாகவே இருந்து புழுதியைச் சேர்க்கும்.

லின்சீட் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது உறையும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டு எறியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஹிக்கரி மரக் காம்பு விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஹிக்கரி வட அமெரிக்க மரம். அங்கே கோடாலிக்கு அதுதான் முதல் தேர்வு, தகுதியான மரம்தான். ஆனால் அந்தக் காம்புகள் அந்நாட்டுக் கோடாலியின் நீண்ட முட்டை வடிவத் துளைக்காகச் செய்தவை. நம் பட்டறைக் கோடாலியின் துளை வேறு அளவு. உங்கள் துளையின் நீள அகலத்தை அளந்து, காம்பின் முனை அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பெரியதைச் சீவிக் குறைக்கலாம், சிறியதை ஒன்றும் செய்ய முடியாது. படத்தில் நார் தெரிவதில்லை என்பதால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: சம்மட்டிக் காம்பில் ஒரு கீறல் தெரிகிறது. கம்பி சுற்றி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: கீறல் எங்கே, எந்தப் போக்கில் என்று பாருங்கள். அடிமுனையில் நாரோடு நீளவாக்கில் ஓடும் மயிரிழைக் கீறல், காயும்போது வந்தது. எண்ணெய் விட்டு வேலை பார்க்கலாம். இரும்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் சாய்வாகவோ குறுக்காகவோ கீறல் இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கம்பியும் டேப்பும் கீறல் வளர்வதை மறைக்கும், தடுக்காது. நாலு கிலோ சம்மட்டி கழன்று பறந்தால், அடிக்கிறவரைவிட எதிரே உளியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் ஆபத்து.

கழற்றிய காம்பை விறகாக்க வேண்டாம். கீறல் உள்ள ஒரு சாணை அறுத்துத் தள்ளினால் மிச்சமுள்ள இரண்டடி நன்றாகக் காய்ந்த மரம். ஒரு சுத்தியல் காம்பும் ஒரு அரிவாள் பிடியும் அதில் வரும்.